அரைத்தாள் பெட்டி

காப்பகத்தில் அவளுக்குக் 'குண்டூசி' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் குண்டூசி. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. எந்தக் காகிதத்தில் ஊசி செருகியிருந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. இயக்குநரின் அறைக்குப் போனால்கூட, அவர் மேசைமேல் கிடக்கும் கோப்பிலிருந்து ஊசியைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்த விஷயத்தைப் பேசுவாள். ஊசி துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும், அறுபது வருஷத்தில் ஓட்டை விழும் என்று பாடம் வேறு நடத்துவாள். அறுபது வருஷம் கழித்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், "என்னை மாதிரி எவளாவது வருவா" என்பாள்.

பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது நிறையப்போகிறது. அதை எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு குழு போட்டு, குழுவுக்கு ஒரு துணைக்குழு போட்டு, கடைசியில் காப்பகத்தில் இருப்பதையெல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். 'எல்லாம்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்து என்னென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. ஆய்வேடுகள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். தவளைக்குக் காது எப்படிக் கேட்கிறது என்று ஒன்று, பாலம் ஏன் ஆடுகிறது என்று ஒன்று. சந்தையில் நாலு வருஷம் நின்று ஒருவர் சேகரித்த வசவுகள், அகரவரிசையில், மூன்று தொகுதி. அந்த மூன்றாம் தொகுதிதான் காப்பகத்திலேயே அதிகம் கைபட்டு அழுக்கானது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புகார்ப் புத்தகங்கள். வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், அவற்றைக் கிழித்துப் போடச் சொன்ன பதிவாளரின் உத்தரவு, அந்த உத்தரவைக் கிண்டலடித்த கையெழுத்துப் பத்திரிகை. யார் யாரென்று ஒருவருக்கும் தெரியாத குழுப் புகைப்படங்கள். புதிய கட்டடம் எங்கே வரவேண்டும் என்று ஆறு வருஷம் நடந்த சண்டையின் கூட்டக் குறிப்புகள், அந்தச் சண்டையில் கட்டப்படாமலே போன கட்டடத்தின் வரைபடம்.

எது எந்தப் பெட்டியில் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அவள் திறக்கத் தயங்கும் பெட்டி ஒன்றே ஒன்று, எழுபத்து மூன்றாவது. 'அரைத்தாள்கள், பலவகை' என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவளே எழுதியது. 'பலவகை' என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்று பின்னாளில் மற்றவர்களைத் திட்டியிருக்கிறாள். அதனால் தன்னுடைய சோம்பேறித்தனத்தை யாரும் பார்க்கவேண்டாம் என்று அதை மேல் தட்டில் தள்ளிவைத்திருந்தாள்.

ஸ்கேன் செய்கிறவர் பெட்டிகளை வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தார். எழுபதை முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் அந்தப் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். விடுப்புக் கடிதங்கள், ஆய்வகச் சீட்டுகள், நூலகத்துக்குப் போட்ட விண்ணப்பங்கள். நூற்றுப் பதினெட்டாவது தாளில் அவள் கை நின்றது.

அரைத்தாள். மேலே இரண்டு ஊசித் துளை, சுற்றிலும் துருக் கறை. தேர்வுத் துறை பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. கையெழுத்து நிலநீரியல் பேராசிரியருடையது. மாணவியின் பெயர் அவளுடைய அக்காவின் பெயர்.

'இவருடைய ஆய்வேட்டை முழுவதும் படித்துவிட்டேன். தேர்வுக்கு அனுப்ப எனக்கு முழுச் சம்மதம். எங்களுக்குள் ஒரு கட்டுரை விஷயமாக மனத்தாங்கல் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இத்தனை பொறுமையாக அளந்த ஒரு மாணவரை நான் பார்த்ததில்லை.'

தாளின் வலது மூலையில் பென்சிலால் 73/118 என்று போட்டிருந்தது. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. அப்படிக் கோடு போட்டு ஏழு எழுதுகிறவள் அந்தக் காப்பகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அவள் தற்காலிக ஊழியராகச் சேர்ந்த மாதத்தில், தேர்வுத் துறையின் கூரை ஒழுகி அலமாரிகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. நனைந்த கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து காப்பகத்தில் கொட்டினார்கள். "காய வெச்சு, துரு ஏறின ஊசியெல்லாம் எடுத்துட்டுத் திருப்பி அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு அப்போதைய காப்பாளர் விடுப்பில் போனார். அவள் பம்பரமாகச் சுழன்றாள். பிடுங்கிய ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு எண்ணக்கூட எண்ணினாள், அறுநூற்றுச் சொச்சம், அவ்வளவு பெருமை. முழுத்தாள்களை முழுத்தாள்களோடு அடுக்கினாள், அரைத்தாள்களை அரைத்தாள்களோடு அடுக்கினாள். ஊசியை எடுத்தால் இரண்டு தாளிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் பிரிக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. அளவு பார்த்து அடுக்கினால் அழகாக இருந்தது, அடுக்கினாள். முழுத்தாள்கள் தேர்வுத் துறைக்குத் திரும்பின. அரைத்தாள்கள் சில்லறை என்று இங்கேயே தங்கிவிட்டன. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே மூலையில் வரிசை எண்ணை மட்டும் போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தக் கட்டுகளில் ஒன்றுதான் அக்காவின் ஆய்வேடு. அம்மா இல்லாத வீட்டில் தங்கையையும் வளர்த்துக்கொண்டு, நாலு வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளுக்குப் போய், கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி, உப்பு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று அளந்து எழுதியது. பேராசிரியர் ஒரு வருஷத்துக்கு வெளிநாடு போகிற அவசரத்தில், சம்மதத்தை அரைத்தாளில் எழுதி ஆய்வேட்டின் முகப்பில் குத்தித் தேர்வுத் துறையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். கெடு நாளில் தேர்வுத் துறையில் ஆய்வேடு இருந்தது, கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் தேர்வு இல்லை, முதலிலிருந்து மறுபடி பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்புதான் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று இருவருக்கும் வாய்ச்சண்டை. அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. மனுஷன் பழிவாங்கிவிட்டார்.

அவர் திரும்பிவந்து, "கொடுத்தேம்மா, என் கையால குத்திக் கொடுத்தேன்" என்று கெஞ்சினார். அக்கா நூறு பேர் பார்க்க, தாழ்வாரத்தில் நின்று "பொய்!" என்று கத்திவிட்டு வெளியே வந்தவள், பிறகு அந்த வாசலை மிதிக்கவேயில்லை. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவப் போய், தலைமைப் பரிசோதகராக ஓய்வுபெற்றாள். பேராசிரியருக்கு 'மாணவியின் ஆய்வேட்டை அமுக்கியவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. துறைத் தலைவர் பதவி அவருக்கு வரவேண்டிய சமயத்தில் அந்தப் பேச்சும் கூடவே வந்து நின்றது. பதவி வேறொருவருக்குப் போனது. அப்புறமும் அவர் காப்பகத்துக்குப் படிக்க வருவார். "அக்கா சௌக்கியமாம்மா?" என்று கேட்பார். குண்டூசி அவர் கேட்ட பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விடுவாள். அக்காவுக்காக அதையாவது செய்கிறோம் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

இப்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு முதலில் தோன்றியது அக்காவைப் பற்றியதல்ல. யாருக்கும் தெரியாது என்பதுதான் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைத் தன் மேசைக்கடியில் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா கேட்டாள், "ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"தலைவலி."

கணவன் இறந்த பிறகு அவள் அக்காவோடு வந்து சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கு இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை. அக்காவை விட்டால் அவளுக்கு யாருமில்லை. தெரிந்தால் அக்கா என்ன செய்வாள் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதாக, அல்லது 'நீ கிளம்பு' என்று தன் பெட்டியை வாசலில் வைப்பதாக, விதவிதமாகக் கற்பனை ஓடியது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது. அவர் தும்மினாலும் சுற்றறிக்கைதான். ஓய்வுபெற்ற நிலநீரியல் பேராசிரியர் சிறுநீரகக் கோளாறால் மருத்துவமனையில் இருக்கிறார், நினைவு தெளிவாக இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் மாலை நாலு முதல் ஆறு வரை போகலாம் என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அதிலிருந்த ஊசியைக்கூட எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஸ்கேன் செய்கிறவர் வந்து நின்றார். "மேடம், எழுபத்து ரெண்டுக்கு அப்புறம் எழுபத்து நாலு இருக்கு. நடுவுல ஒண்ணு காணோமே?"

"பூஞ்சை பிடிச்சிருக்கு. தனியா வெச்சிருக்கேன். மத்ததுல ஒட்டிக்கப் போகுது."

"ஐயையோ, அப்ப அத எங்கிட்ட கொண்டுவராதீங்க" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். முப்பத்தொரு வருஷ வேலையில் ஒரு பெட்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா வெளியே போகிற புடவையில், கைப்பையோடு கூடத்தில் நின்றிருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டே?"

"அந்த ஆள் ஆஸ்பத்திரியில இருக்காராமே. எங்க லேப்ல இருந்த பொண்ணு போன் பண்ணிச் சொன்னா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ டென்ஷன் ஆவேன்னுதான் சொல்லல."

"போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்." அக்கா பையின் வாரைத் தோளில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். "சண்டை போடறதுக்கு இல்லடி. அதெல்லாம் எவ்வளவு நாளைக்கு. ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஏன் சார் அப்படிப் பண்ணீங்கன்னு. படுக்கையில கிடக்கற மனுஷன் அதுக்கு மேல என்ன மறைக்கப் போறார்?"

அவர் மறைக்கமாட்டார். கொடுத்தேன் என்றுதான் மறுபடியும் சொல்வார். கூரை ஒழுகியதைச் சொல்வார். நனைந்த கட்டுகள் எங்கே போயின என்று யோசித்துப் பார்க்கச் சொல்வார்.

"வேண்டாம்க்கா. இப்பப் போய் அதையெல்லாம் கிளறினா அவங்க வீட்டம்மா என்ன நினைப்பாங்க? உடம்பு முடியாத மனுஷன். உனக்கும் பிரஷர் ஏறும். அப்புறம் நான் ரெண்டு ஆஸ்பத்திரிக்கு அலையணும்."

அக்கா தோளிலிருந்து பையை இறக்கினாள். "அதுவும் சரிதான்" என்றாள். கைப்பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, டீ போடப் போனாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்ததை அவள் மென்று விழுங்கினாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பேராசிரியர் போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்கு அரைநாள் விடுமுறை. செய்தியைக் கேட்டு அக்கா அழவில்லை. கழுவிய டம்ளரையே திரும்பவும் எடுத்துக் கழுவினாள். "கேக்காமயே போச்சு" என்றாள். குண்டூசிக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை, காப்பகத்தில் வேலை ஓடவில்லை. மேசைக்கடியில் இருந்த பெட்டி காலில் இடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. பேசாமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த கணமே தன்மேல் அருவருப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வீணாகவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தவள் நினைக்கிற நினைப்பா அது?

வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னாள், "அக்கா, நாளைக்குக் காப்பகத்துக்கு வா."

"அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"ஒரு காகிதம் காட்டணும். அத வெளிய எடுத்துட்டு வரக்கூடாது. ரூல் அப்படி."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "சரி, வரேன்" என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். வாசிப்பு அறையில் வேறு யாருமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினாள். பையையும் பேனாவையும் வெளியே வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். எல்லாரையும் போலப் பென்சில் வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். குண்டூசி அரைத்தாளைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டு நின்றாள்.

அக்கா படித்தாள். பரிசோதனைக்கூடத்துப் பழக்கத்தில், தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். தேதியையும் முத்திரையையும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். 'இத்தனை பொறுமையாக' என்ற இடத்தில் விரலை வைத்து, அதற்குமேல் நகராமல் இருந்தாள்.

"எங்க இருந்துச்சு?"

குண்டூசி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூரை ஒழுகியது, ஊசி எடுத்தது, அளவு பார்த்து அடுக்கியது, மூலையில் இருக்கும் ஏழு. சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அக்கா தாளின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு, "அப்ப உனக்கு எத்தனை வயசு?" என்றாள்.

"இருபத்திரண்டு."

"அந்த ஊசி டப்பாவ வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினே. அறுநூறுன்னு சொன்னே. கெட்டிக்காரின்னு நான்தான் உன்னைத் தட்டிக்கொடுத்தேன்." அக்கா கையை நீட்டி அவள் கையைப் பிடித்து, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "அழாதடி. நீ என்ன வேணும்னேவா பண்ணினே? அந்த மனுஷன்தான் பாவம். நடுத் தாழ்வாரத்துல நிக்க வெச்சுப் பொய்யன்னு கத்தினேன். அதுக்குப் பதிலா ஒரு வார்த்தை என்னைத் திட்டல. இதப் பாரு, என்ன எழுதியிருக்கார்னு."

இப்படி ஆறுதல் கிடைக்கும் என்று குண்டூசி எதிர்பார்க்கவேயில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்தது. இதற்குப்போயா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தாள்.

"இது எப்பக் கிடைச்சுது?" என்று அக்கா கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். 'இன்னைக்குக் காலையில' என்ற பதில் குண்டூசியின் நாக்கு நுனியிலேயே இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அவள் எழுதவில்லை. ஸ்கேன் செய்கிறவருக்குப் பூஞ்சை என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டு, சேர்ந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அக்கா இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிக்குள் இருந்துகொண்டு அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"போன வாரம். திங்கட்கிழமை."

அக்காவின் பிடி தளரவில்லை. உதடு அசைந்தது. நாட்களை எண்ணுகிறாள் என்று தங்கைக்குத் தெரிந்தது.

"நான் பையை எடுத்துட்டு நின்னது வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"அன்னைக்கு இது உங்கிட்ட இருந்துச்சு."

"ஆமாக்கா."

"தெரிஞ்சுதான் போக வேண்டாம்னே."

குண்டூசி தலையை ஆட்டினாள். அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

"அவர் செவ்வாய்க்கிழமை வரைக்கும் உயிரோட இருந்தார். நினைவோட இருந்தார்." அக்கா குரலை உயர்த்தவில்லை. நடுத் தாழ்வாரத்தில் கத்தியவள் இவள்தானா என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு மெதுவாகப் பேசினாள். "முப்பத்தொரு வருஷம் போச்சு. அது போகட்டும். நீ சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணே, அத நான் இப்பவே மறந்துட்டேன். அந்த நாலு நாள எதுக்குடி எடுத்தே?"

"பயமா இருந்துச்சுக்கா. நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு..."

"கால்ல விழுந்திருப்பேனே. தப்பு என்மேலதான் சாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரைத்தாளை மிகவும் பத்திரமாகக் குண்டூசியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதுக்கு ஒரு நகல் வேணும். என்ன பண்ணணும்?"

"விண்ணப்பம் எழுதித் தரணும்."

"குடு."

படிவத்தை அக்கா பென்சிலால் நிரப்பினாள். பெயர், முகவரி, பெட்டி எண், தாள் எண். 'நோக்கம்' என்ற இடத்தில் 'அவர் மனைவியிடம் கொடுக்க' என்று எழுதினாள். குண்டூசி நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முத்திரை கோணலாக விழுந்தது.

"நானும் வரேன்க்கா. நானே அவங்ககிட்ட சொல்றேன்."

"நீ வராதே."

அக்கா வெளியே போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். நகலை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். குண்டூசி பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினாள்.

"அக்கா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவியா?"

அக்கா நின்றாள், திரும்பவில்லை. "வருவேன்டி. எனக்கு வேற எங்க போக்கிடம்?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பதினொரு நாளாக அவள் பயந்ததெல்லாம் அக்கா விட்டுப் போய்விடுவாள் என்றுதான். அக்கா எங்கேயும் போகப்போவதில்லை. ராத்திரி சமையலறையில் இரண்டு தட்டு வைப்பாள், டீ போட்டால் இவளுக்கும் சேர்த்துப் போடுவாள். அதையெல்லாம் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் அவள் அந்த வாசலிலேயே நின்றாள்.